கோட்டின் மேல் நூல்

சரித்திரம் படித்தவர்களுக்கு மணிமங்கலம் ஒரு போர்க்களத்தின் பெயர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த இடங்கள் என்று கூரம் செப்பேடு சொல்லும் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய மூன்றனுள், ஏரியும் கோயில்களுமாக அதே பெயரோடு இன்றும் விளங்கும் இந்த ஊரைச் சுற்றி, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதற்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் வல்லம் வடகாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளர்ந்த ஒரு மகத்தான தொழிற்பிரதேசம் எழுந்து நிற்கிறது. விடியற்காலையில் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்களில் பாதி இருக்கைகளில் பெண்கள். அவர்கள் தொழிற்சாலைக்குள்ளே செய்யும் வேலைகளுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓவியத்தைப் பற்றிப் பேச வந்த கட்டுரையில் அதற்கு என்ன இடம் என்பது போகப் போக விளங்கும்.

ஒரு மோட்டார் வாகனத்தில் விளக்கு, ஹாரன், என்ஜின், கதவு ஆகிய எல்லாவற்றுக்கும் மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கம்பிக் கற்றைக்கு வயரிங் ஹார்னஸ் என்று பெயர். அது உருவாவது ஒரு சித்திரத்தின் மேல். ஆளுயரத்துக்குச் சாய்த்து நிறுத்திய பலகையில் அந்தக் கற்றையின் வரைபடம் முழு அளவில் ஒட்டப்பட்டிருக்கும்; கோடுகள் பிரியுமிடங்களில் முளைகள் அடித்திருக்கும்; பல நிறக் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கோடுகளின் மேலேயே ஓட்டி, முளைகளில் வளைத்து, டேப் சுற்றிக் கட்டி முடிக்க வேண்டும். கம்பி வளைவது, தன் இஷ்டம்போல் துவள்வது, ஆகவே எத்தனையோ வேலைகளை யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்ட இந்தக் காலத்திலும் இதில் பெரும்பகுதி மனிதர் விரல்களையே, அதிலும் பெண்களின் விரல்களையே நம்பி இருக்கிறது. கோட்டைக் கண்ணால் படித்து அதன் மேல் இழையைக் கையால் படுக்க வைக்கும் இந்தக் காரியத்தை வேலை என்கிறோம். யாரும் கலை என்பதில்லை.

அதே பெண்கள் அல்லது அவர்கள் வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஆரி வேலை செய்கிறார்கள். கல்யாணப் பட்டுக்கு ரவிக்கை என்றால் ஆரி இல்லாமல் இல்லை என்று ஆகிவிட்ட இந்நாளில், புறநகர்த் தெருக்களில் எல்லாம் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய ஸ்டாண்டு ஒன்றை வாசலறையில் காணலாம். அங்கேயும் முதலில் வருவது சித்திரந்தான். ட்ரேசிங் தாளில் மயிலோ மாங்காயோ கொடியோ வரைந்து, கோட்டின் நெடுகிலும் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த சாக்குப் பொடியைத் தாளின் மேல் தடவினால், கோடு துணியில் புள்ளி புள்ளியாக இறங்கும். பிறகு மேற்கை கொக்கி ஊசியைக் குத்த, துணிக்கடியில் மறைந்திருக்கும் கீழ்க்கை நூலை ஊசியின் வாயில் மாட்டிக் கொடுக்க, சங்கிலித் தையல் ஓடுகிறது. காஞ்சிபுரத்துத் தறியில் இன்னும் நுட்பமான பிரயாணம்: புட்டாவும் கரையும் வெள்ளைத் தாளில் கோடாகப் பிறந்து, கிராஃப் தாளில் கட்டங்களாக மாறி, ஜக்கார்டு அட்டையில் துளைகளாகி, கடைசியில் பட்டும் ஜரிகையுமாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மாதச் சம்பளத்தை நாடி இதே தொழிற்சாலைகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது காஞ்சிபுரம் ஜில்லாவில் எல்லோரும் அறிந்த சேதி.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. ஓவியம் கற்று, ஓரிரு குழுக் கண்காட்சிகளில் படம் மாட்டி, நல்ல பெயரும் வாங்கி, பின்னர் கல்யாணம், குழந்தை, உத்தியோகம், பெரியவர்களின் வைத்தியம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர, தூரிகையைக் கீழே வைத்துவிட்ட பெண்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் கை சும்மா இருந்ததில்லை. குழந்தைக்குக் குரோஷாவில் தொப்பி பின்னியிருப்பார்கள். வயர் கூடை போட்டிருப்பார்கள். மேஜை விரிப்பில் பூ தைத்திருப்பார்கள். ஆர்டர் எடுத்து ஆரி செய்திருப்பார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு மீண்டும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆசை துளிர்க்கும்போது, பழையபடி தாளையும் மையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வருவதா, அல்லது இடைக்காலத்தில் கை கற்ற நூல் வேலையையும் உடன் அழைத்து வருவதா என்ற கேள்வி எழுகிறது. அழைத்துத்தான் வரவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அந்த வருஷங்களைச் சூனியம் என்று கருதி மறைப்பவர், தம் கையின் இரண்டாவது குருகுலத்தை மறைக்கிறார். இப்படிச் சொல்வதற்கு ஆதாரம் தூரதேசத்தில் இல்லை. மணிமங்கலத்துக்குக் கிழக்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் இருக்கிறது.

சென்னைக் கலைப்பள்ளி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் டாக்டரால் தொடங்கப்பட்டபோது, சித்திரத்தையும் கைத்தொழிலையும் ஒருங்கே கற்பிக்கும் இடமாகவே உருவெடுத்தது. நூறு வருஷங்களுக்குப் பின் தேவி பிரசாத் ராய் சௌத்ரியை அடுத்து 1957-இல் அதன் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர், மாணவர்களிடம் கோட்டின் மேல் அசாத்தியமான பற்றை வளர்த்தார். மேனாட்டு முறையில் ஒளியும் நிழலும் காட்டி உருவத்தைத் திரட்டுவதைவிட, நம் சுவடிகளிலும் ஜாதகக் கட்டங்களிலும் கோயிற் சிற்பங்களிலும் ஓடும் கோடே நமக்கு இயல்பானது என்ற நம்பிக்கை அங்கே வேரூன்றியது; காந்தியடிகளின் நூற்றாண்டு வந்த 1969-ஐ ஒட்டி ஓவியர் அடிமூலம் வரைந்த காந்தி சித்திரங்களைக் கண்டவர்களுக்கு அந்தக் கோட்டின் வீரியம் எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கோட்டுக்குப் பசி தீர்க்கும் சக்தி இருக்கவில்லை. படித்து வெளிவந்த இளைஞர்களின் படங்களை வாங்குவார் இல்லை. ஓவியத்தை விட்டுவிட்டு ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியின்றித் தவித்த அவர்களுக்குப் பணிக்கர் காட்டிய உபாயந்தான் கைவினை. கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்று அமைந்தது. மாலை வேளைகளில் பாதிக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தின் துணையோடு 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்வெளியை வாங்கினார்கள். ஏறத்தாழ நாற்பது கலைஞர்கள் கூடிப் பிறந்த அந்தக் குடியிருப்பே சோழமண்டலம்.

பாதிக் என்னும் வேலை சித்திரக்காரனுக்கு எவ்வளவு கடுமையான பரீட்சை என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். உருக்கிய மெழுகைத் தூரிகையால் துணியில் எழுத வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஆகவே எழுதியது வெளுப்பாக நிற்கும், எழுதாமல் விட்டது நிறம் பெறும். தாளில் கறுப்புக் கோட்டை இழுத்துப் பழகிய கை, இங்கே வெளிச்சத்தைக் கோடாக இழுக்க வேண்டும். மெழுகு ஆறுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். தயங்கினால் கோடு கட்டி தட்டும். தவறினால் அழிக்க வழியில்லை. இளஞ்சாயத்தில் தொடங்கி ஒவ்வொரு முக்கலுக்கும் மறுபடி மெழுகிட்டுக் கருஞ்சாயத்தில் முடிக்கும்போது, கடைசி நிறத்தை முதல் நாளிலேயே மனக்கண்ணில் கண்டிருக்க வேண்டும். துணியைக் கசக்குகையில் மெழுகு வெடித்து, அந்த வெடிப்புகளில் சாயம் புகுந்து, கலைஞன் எழுதாத மெல்லிய ரேகைகள் தாமாகப் படரும். இத்தனையும் பயின்ற கை மறுபடி தாளுக்குத் திரும்பியபோது பழைய கையாகவா இருந்திருக்கும்?

சோழமண்டலத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பாதிக்கை ஜீவனோபாயமாக மட்டுமே சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது சோறு போட்டது, ஓவியம் கலையாயிற்று என்று பங்கு பிரிக்கிறார்கள். இந்தப் பங்கீடு நியாயமன்று என்றே நினைக்கிறேன். படங்களும் சிற்பங்களும் விலைபோகத் தொடங்கிய பின் பாதிக் வேலை மெல்லக் குறைந்தது வாஸ்தவம். ஆனால் வாழ வைத்த காரணத்தாலேயே ஒரு வேலை கலைக்குக் கீழ்ப்பட்டதாகிவிடாது.

அந்தக் குடியிருப்பை நிறுவியவர்களுள் ஒருவரான எஸ். ஜி. வாசுதேவின் வாழ்க்கை இதற்கு நல்ல சாட்சி. 1941-இல் மைசூரில் பிறந்து, 1960-களில் சென்னையில் படித்து, சோழமண்டலத்தில் ஓவியத்தோடு பாதிக்கும் தாமிரத் தகட்டில் புடைப்புச் சித்திரமும் செய்து, 1988-இல் பெங்களூருக்குக் குடிபெயர்ந்த அவர், அங்கே சுப்பராயலு என்னும் நெசவுக் கலைஞரோடு சேர்ந்து தம் சித்திரங்களைப் பட்டில் சித்திரத் திரைகளாக ஆக்கும் காரியத்தில் இறங்கினார். அந்தக் கூட்டுறவு வருஷக் கணக்கில் நீடித்தது. 2018-இல் பெங்களூர் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் சதானந்த் மேனன் பொறுப்பில் நடந்த அவருடைய பெருங்காட்சியில், எண்ணெய் வண்ண ஓவியங்களோடு அந்தப் பட்டுத் திரைகளும் சமமாக இடம்பெற்றன. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தத் திரைகளைப் பற்றிப் பேசும் இடங்களில் சுப்பராயலுவின் பெயரும் சேர்ந்தே வருகிறது என்பதுதான்.

சித்திரத் திரை நெய்வது சேலை நெய்வதைப் போன்றதன்று. சேலையில் ஊடை இழை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஒரே ஓட்டமாக ஓடும். திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சிறு கண்டு. அந்த நிறம் எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவு தூரம் சென்று திரும்பிவிடும். பாவு முழுவதும் மறைந்து ஊடையே முகமாக நிற்கும். ஓவியர் ஒரு மூச்சில் வளைத்து இழுத்த கோட்டை, நெசவாளர் கிடையும் நெடுக்குமான இழைகளின் மேல் படிப்படியாக ஏற்றிச் செல்ல வேண்டும். கோடு செங்குத்தாக நிமிருமிடத்தில் இரு நிறங்களும் ஒன்றையொன்று தொடாமல் இடையில் பிளவு விழும். அதைக் கோத்து மூடுவதா, பிளவாகவே விட்டு அதன் நிழலைக் கோடாக்கிக் கொள்வதா என்பதைத் தறியில் அமர்ந்திருப்பவரே தீர்மானிக்க வேண்டும். இரண்டு நிறங்கள் குழைந்து மங்கும் இடத்தில் எத்தனை இழைக்கு எத்தனை இழை கலப்பது என்பதும் அவர் கண்ணின் தீர்ப்பு. ஆகையால் நெய்தவரை நகல் எடுப்பவர் என்று கருதுவது பெரும் பிழை.

எழுதுகோலும் தறியும் ஒரே துணியில் கூடுவது நமக்குப் புதிதும் அல்ல. இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கோடாலிக் கருப்பூரில், தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி, சிவாஜி ஆகியோர் காலத்தில், அரண்மனைப் பெண்டிருக்கென்று சேலைகள் செய்தார்கள். பருத்தியில் பொன் ஜரிகைப் பூக்களை இடையிடையே நெய்து, நெய்த துணியின் மேல் எழுதுகோல் கொண்டு சித்திரம் எழுதி, சாயத்தை விலக்கியும் ஏற்றியும் செந்நிறம் பூட்டுவார்கள். அந்தச் சிவப்பின் உள்ளிருந்து பொன் மின்னும். 1855-இல் அரசர் சிவாஜி வாரிசின்றி மறைந்து அரண்மனை ஆதரவு அற்றுப்போகவே, அந்தச் சேலையும் அற்றுப்போயிற்று. எழுதும் பாதி மட்டும் கோயில் விதானங்களையும் தொம்பைகளையும் பற்றிக்கொண்டு பிழைத்தது. கருப்பூர் கலம்காரி என்னும் அந்த வேலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நெய்யும் பாதி பிரிந்து போனது பெரிய நஷ்டம். சுதந்திரத்துக்குப் பின் புபுல் ஜெயகர் முயற்சியில் எழுந்த நெசவாளர் சேவை மையங்கள், ஓவியர்களை உத்தியோகத்தில் அமர்த்தி நெசவாளரோடு பக்கத்தில் பக்கமாக வேலை செய்ய வைத்ததன் நோக்கமே இத்தகைய பிரிவைத் தைத்துச் சேர்ப்பதுதான்.

அந்த மையங்கள் ஓவியர்களுக்குச் செய்த உபகாரம் கொஞ்சமல்ல. 1937-இல் பிறந்த அர்பிதா சிங், டில்லியில் ஓவியம் பயின்றதும் வேலை பார்த்தது ஒரு நெசவாளர் சேவை மையத்தில். 1970-களில் சில வருஷங்கள் அவர் உருவங்களை எல்லாம் விலக்கிவிட்டு, புள்ளியும் சிறு கோடுமாகக் கறுப்பு வெள்ளையில் தாள் தாளாக நிரப்பினார். வங்காளத்துக் காந்தாத் தையலின் ஓட்டம் அவர் படங்களில் இருப்பதை ரசிகர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பயிற்சியிலிருந்து அவர் உருவங்களுக்குத் திரும்பியபோது, வண்ணம் தையலைப்போல் அடர்ந்து நின்றது. 2025-இல் லண்டன் செர்பன்டைன் கூடத்தில் அவருடைய தனிக்காட்சி நடந்தது.

எதிர்த்திசையில் திரும்பியவர் ஜெர்மனியில் பிறந்த அன்னி ஆல்பர்ஸ். 1922-இல் பௌஹவுஸ் பள்ளியில் சேர்ந்தபோது அவர் விரும்பியது தறியை அல்ல. பெண்களுக்குத் திறந்திருந்த கதவு நெசவுக்கூடமாக இருந்ததால் அதனுள் நுழைந்தார். நுழைந்தவர் அதிலேயே உயர்ந்து, 1949-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் தனிக்காட்சி நடத்தினார். 1963-இல் அச்சுச் சித்திரம் கைக்குப் பழகியதும் தறியை மெல்ல விட்டுவிட்டுக் கோட்டுக்கே போய்விட்டார். அவருடைய அச்சுகளில் முடிச்சும் பின்னலும் ஓடுவதைப் பார்த்தால், நூலைத் தொட்ட கை நூலை மறப்பதில்லை என்பது தெரியும். பம்பாயில் மோனிகா கொரியா, 1962-இல் அமெரிக்காவில் மரியான் ஸ்ட்ரெங்கெல் என்னும் நெசவாளரிடம் அரிச்சுவடி கற்றுவந்து, பிற்காலத்தில் தறியின் அச்சையே கழற்றிவிட்டு, பாவிழைகள் நேராகத்தான் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலிருந்து அவற்றை விடுவித்தார். இழைகள் பிரிந்தும் சாய்ந்தும் போவதால் விழும் வளைவே அவருக்குச் சித்திரம்.

மிருணாளினி முகர்ஜியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. பினோத் பிஹாரி முகர்ஜிக்கும் லீலா முகர்ஜிக்கும் மகளாக 1949-இல் பிறந்து, பரோடாவில் கே. ஜி. சுப்பிரமணியனிடம் பயின்ற அவர், சாயமேற்றிய சணற்கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஆளை விஞ்சிய உருவங்களை எழுப்பினார். ‘யக்ஷி’ என்றும் ‘வனஸ்ரீ’ என்றும் அவற்றுக்குப் பெயர். முன்கூட்டி வரைந்து வைத்துக்கொண்டு அவர் முடிச்சிட்டதில்லை. முடிச்சே வரைந்துகொண்டு போயிற்று. அந்த உருவங்கள் கைவினையா சிற்பமா என்ற தர்க்கம் அவர் காலம் முழுவதும் ஓய்ந்தபாடில்லை. 2015-இல் டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய பெருங்காட்சி தொடங்கிய சில நாள்களில் அவர் காலமானார். நியூயார்க் மெட் பிரூயர் கூடம் அவருக்குத் தனிக்காட்சி வைத்தது 2019-இல். இத்தனை தாமதம் ஏன் என்று யோசிக்கையில் வருத்தமே மிஞ்சுகிறது.

இனி, மீண்டும் காட்சிக்கு வர நினைப்பவருக்கு வேண்டிய சில காரியங்கள். நூலைச் சித்திரத்தில் சேர்ப்பது அலங்காரத்துக்காக என்றால் சேர்க்காமல் இருப்பதே உத்தமம். முடிந்துபோன பேனாச் சித்திரத்தின் ஓரத்தில் இரண்டு வரி ஜரிகை ஓட்டுவதால் சித்திரத்துக்கும் லாபமில்லை, ஜரிகைக்கும் கௌரவமில்லை. மை செய்ய முடியாத எதையாவது நூல் செய்ய வேண்டும். சங்கிலித் தையலுக்குப் போகும் திசை உண்டு. அது தாளில் இல்லாத குணம். நூலுக்குப் பருமன் உண்டு. பக்கவாட்டு வெளிச்சத்தில் அது நிழல் விழுத்தும். துணிக்குப் பின்புறம் உண்டு. முடிச்சும் தாண்டிப்போன இழையுமாக அங்கே இன்னொரு சித்திரம் இருக்கிறது. அதையும் காண வேண்டும் என்று தோன்றினால் சுவரில் சாத்தாமல் நடுவே தொங்கவிட வேண்டும்.

வெளிச்சம், ஈரம், பூச்சி மூன்றும் துணிக்குச் சத்துருக்கள். காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி படாதபடி காப்பது வழக்கம். ஆரி ரவிக்கையை எல்லோரும் பார்க்கவென்று ஏற்றிவைக்கும் கடை விளக்குகள் அதைப்போல் பல மடங்கு. சென்னைக் கடற்காற்றின் உப்பும் புழுக்கமும் ஜரிகையைக் கறுக்கடிக்கும். கண்ணாடிச் சட்டத்துக்குள் துணி கண்ணாடியைத் தொட்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்; இடைவெளி விட்டே சட்டமிட வேண்டும். இந்த விஷயங்களைக் கற்றுக்கொள்ளாமல் வண்ணப் படத்தை மாட்டுவதுபோல் மாட்டிவிட்டு, இரண்டு வருஷத்தில் நிறம் போயிற்றே என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை.

எங்கே காட்சி வைப்பது என்றால், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியும், முட்டுக்காடு தக்ஷிணசித்ராவும், சோழமண்டலத்திலேயே 2009 முதல் இயங்கும் சமகாலக் கலை மையமும் நினைவுக்கு வரும். நல்லதுதான். ஆயினும் ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து வரும் பெண் கிரீம்ஸ் சாலைக்குப் போய்ப் படம் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு தூரம் சாத்தியம்? மணிமங்கலத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில், ஒரு வாரம் சித்திரமும் நூலும் கலந்த காட்சி வைக்கலாம். ஆரி ஸ்டாண்டு ஒன்றைத் துளையிட்ட ட்ரேசிங் தாளோடு அப்படியே வைக்கலாம். காஞ்சிபுரத்து கிராஃப் தாளையும் அதிலிருந்து இறங்கிய கரையையும் அடுத்தடுத்து மாட்டலாம். வயரிங் ஹார்னஸ் பலகை ஒன்றை ஏதேனும் ஒரு தொழிற்சாலை இரவல் தருமானால், சுவரில் அது எந்தத் திரைக்கும் குறையாமல் நிற்கும் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

அந்தக் காட்சியில் பெயர்ச்சீட்டு எழுதும்போது மட்டும் சிரத்தை வேண்டும். வரைந்தவர் பெயருக்கு அடியில் தாளைத் துளையிட்டவர், தைத்தவர், நெய்தவர் பெயர்களை அதே எழுத்தளவில் எழுத வேண்டும். மீண்டும் காட்சிக்கு வருகிற ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பில், கடைசிக் காட்சியின் வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் இடையிலுள்ள இடத்தை வெறுமையாக விடாமல், அந்தக் காலத்தில் கை செய்த வேலைகளை, குரோஷா, வயர் கூடை, ஆரி ஆர்டர், தொழிற்சாலைப் பலகை என்று உள்ளது உள்ளபடி, வருஷத்தோடு எழுத வேண்டும்.